பால்வாடிக்கு ஒரு டீச்சர் போதுமா?

"மூணு வயசுக் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தருவதெல்லாம் அரசாங்கத்தோட வேலையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர், "இருக்கிற கவர்மெண்ட் ஸ்கூலே ஒழுங்கா நடக்கலை, இதுல எல்.கே.ஜி. வேறயா?" என்பார்கள். மீதிப் பேர், "அப்ப ஏழைப் பிள்ளைங்க எங்கே போகும்?" என்பார்கள். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறது. அரசாங்கம் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. அதுவும் ஐம்பது வருடமாக!

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் அது 'பால்வாடி'தான். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பால்வாடிக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் மதியச் சோறு போடப்பட்டது. பசித்த குழந்தைக்கு முதலில் சோறு என்பதில் தவறே இல்லை. ஆனால் 'சோறு போடும் இடம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. படிப்பும் அந்தத் திட்டத்தின் ஆறு சேவைகளில் ஒன்று என்பது பல பெற்றோர்களுக்கே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2002ஆம் ஆண்டின் 86வது திருத்தத்துக்குப் பிறகு, 6 முதல் 14 வயது வரை கல்வி என்பது அடிப்படை உரிமை. 6 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு "முயற்சி செய்ய வேண்டும்", அவ்வளவுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி ஏற்பாடு "செய்யலாம்" என்று மட்டும் சொல்கிறது. இந்த 'லாம்' என்ற இரண்டு எழுத்தில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு பால்வாடி டீச்சரின் வேலையைப் பாருங்கள். குழந்தைகளுக்கு எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும். கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போக வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், தடுப்பூசி நாளில் தாய்மார்களைக் கூட்டி வர வேண்டும். எல்லாவற்றையும் நோட்டிலும் ஏற்ற வேண்டும், செல்போன் செயலியிலும் ஏற்ற வேண்டும். பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்கள் தலையில்தான். சமையலுக்கு ஒரு உதவியாளர் உண்டு. பாட்டு, கதை, விளையாட்டு சொல்லித் தர? அதற்கும் அதே டீச்சர்தான், நேரம் மிச்சம் இருந்தால்!

இந்த ஒரு குறையைச் சரி செய்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் 2021ல் வெளியிட்ட ஆய்வு அது. 640 அங்கன்வாடிகளை எடுத்து, அதில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதி மையங்களுக்கு மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டார்கள். அவருக்குக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதுதான் முக்கிய வேலை. 18 மாதம் கழித்துப் பார்த்தால், பாட நேரம் இரு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் அந்தக் குழந்தைகள் மற்ற மையத்துக் குழந்தைகளைவிட நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். இன்னொரு ஆச்சரியம், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமை, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவையும் குறைந்திருந்தன. பழைய டீச்சருக்குச் சத்துணவு, சுகாதார வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே காரணம். செலவைவிடப் பலன் மிக அதிகம் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

"இதையெல்லாம் தனியாரே செய்துவிடுவார்களே, போட்டி இருந்தால் தரம் தானாக வரும்" என்பவர்கள் உண்டு. காமர்ஸ் படிக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம் இது: வாங்குபவருக்குப் பொருளின் தரம் தெரிந்தால்தான் போட்டி வேலை செய்யும். நர்சரி பள்ளியில் பணம் கட்டுவது அப்பா, உள்ளே உட்கார்ந்திருப்பது மூன்று வயதுக் குழந்தை. அந்தக் குழந்தையால் "இங்கே சரியில்லை" என்று விளக்கிச் சொல்ல முடியாது. அப்பாவுக்குத் தெரிவதெல்லாம் டை, ஷூ, இரண்டு இங்கிலீஷ் ரைம்ஸ், நோட்டு நிறைய எழுத்து. அதனால் பள்ளிகளும் அதைத்தான் விற்கின்றன. பென்சில் பிடிக்கவே விரல் பழகாத வயதில் வீட்டுப்பாடம்!

வேடிக்கை என்னவென்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடஒதுக்கீட்டில் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கட்டணத்தைத் திருப்பித் தருகிறது. அதாவது தனியார் எல்.கே.ஜி.க்கு அரசுப் பணம் போகிறது. அரசின் சொந்த எல்.கே.ஜி.யோ? 2019 ஜனவரியில் அங்கன்வாடி உள்ள 2,381 அரசு நடுநிலைப் பள்ளிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 2022 ஜூனில் அந்தக் குழந்தைகளை அங்கன்வாடிக்கே திருப்பி அனுப்பும் முடிவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே, வகுப்புகள் தொடரும் என்றார்கள். ஆசிரியர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு வரும் ஆசிரியர் எத்தனை நாள் நிலைப்பார்?

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தை மட்டும் தள்ளிவிட முடியாது. அரசு கை வைத்தாலே குழந்தைகளுக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாதுதான். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997ல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் குழந்தைகள் காப்பகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் அதிகமானார்கள். ஆனால் குழந்தைகளின் நடத்தையில் பின்னடைவு தெரிந்ததாகப் பேக்கர், க்ரூபர், மில்லிகன் ஆகியோரின் ஆய்வு சொன்னது. இடத்தை மட்டும் பெருக்கினால் போதாது, உள்ளே நடப்பது முக்கியம் என்பதே இதில் உள்ள பாடம். "பின்லாந்தில் 7 வயதில்தானே பள்ளிக்கூடம்?" என்று கேட்பவர்கள், அங்கே அதற்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பும் கல்வியும் ஏற்பாடு செய்து தருவது உள்ளாட்சியின் சட்டக் கடமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, அரசு முன்பருவக் கல்வியை நடத்தத்தான் வேண்டும். புதிதாகக் கட்டிடமோ, டை கட்டிய யூனிஃபார்மோ, ஒன்றாம் வகுப்புப் பாடத்தைக் கீழே இறக்குவதோ தேவையில்லை. ஒவ்வொரு பால்வாடிக்கும் சொல்லித் தருவதை மட்டுமே வேலையாகக் கொண்ட, பயிற்சி பெற்ற, நிலையான சம்பளம் வாங்கும் ஒரு ஆள் வேண்டும். சட்டத்தில் உள்ள "செய்யலாம்", "செய்ய வேண்டும்" என்று மாற வேண்டும்.

நர்சரிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் எப்படியும் கட்டிவிடுவார்கள். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு மூன்றிலிருந்து ஆறு வயது வரை இருக்கும் ஒரே பள்ளிக்கூடம் அந்தப் பால்வாடிதான். அங்கே தட்டில் சோறு போட ஆள் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லவும் ஒரு ஆளைப் போட்டால் என்ன?