வலிக்கு ஒரு வரி

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்புகளில் வருமான இழப்பைக் கணக்கிட வழி இருக்கிறது. 2009ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் பட்டியலின்படி, 25 வயதுக்காரருக்கு 18, 40 வயதுக்காரருக்கு 15. ஆண்டு வருமானத்தையும் ஊனத்தால் குறைந்த உழைப்புத் திறனையும் இந்த எண்ணோடு வைத்துப் பெருக்கினால் தொகை வந்துவிடும். அதே தீர்ப்பில் ‘வலியும் வேதனையும்’ என்ற வரிக்கு வாருங்கள். எதிரே 50,000, 1,00,000 என்று ஏதோவொரு முழு எண் நிற்கும். அது எப்படி வந்தது என்று பெரும்பாலும் ஒரு வாக்கியம்கூட இருக்காது.

வாகனச் சட்டத்தின் பழைய அட்டவணை இன்னும் மோசம். குற்றம் யாருடையது என்று நிரூபிக்காமல் கேட்கும் இழப்பீட்டில் கொடுங்காய வலிக்கு 5,000, மற்ற காயத்துக்கு 1,000 ரூபாய். 1994இல் வந்த அந்தத் தொகை 2018 வரை அப்படியே கிடந்தது. 2024இல், சக்கர நாற்காலியோடு வாழ்க்கை முடங்கிப்போன ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் இந்த ஒரு வரிக்கே 15 லட்சம் கொடுத்தது. நியாயமான தொகை.

எல்லோருக்கும் ஒரே தொகை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எத்தனை அறுவை சிகிச்சை, எத்தனை மாதம் படுக்கை, தானே குளிக்க முடிகிறதா, இரவில் தூக்கம் உண்டா என்று காயம்பட்டவரிடமே கேட்டு, அந்தப் பதிலைத் தீர்ப்பில் எழுதி, அதன்பிறகு நீதிபதி தொகையை எழுதட்டும். மேல்முறையீட்டில் காப்பீட்டு நிறுவனம் அந்த எண்ணில்தான் முதலில் கைவைக்கும். காரணம் எழுதப்பட்டிருந்தால் அவ்வளவு சுலபமாக வெட்ட முடியாது.