சென்னை என்ற கப்பலுக்கு ஒரகடத்தில் வேலை இருக்கிறது

ஐஎன்எஸ் சென்னை என்ற பெயரைக் கேட்டுப் பெருமைப்பட்டால் மட்டும் போதாது. அந்தக் கப்பலுக்கு நம் ஊர்ப் பட்டறைகள் வேலை செய்ய வேண்டும். ஒரகடத்தில் சிஎன்சி போட்டு வாகன உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் 2006-இல் கட்டத் தொடங்கிய நாசகாரிக் கப்பல் அது. 2010-இல் நீரில் இறங்கி, 2016 நவம்பர் 21-இல்தான் கடற்படையில் சேர்ந்தது. 2020 அக்டோபரில் அரபிக்கடலில் அதிலிருந்து பிரம்மோஸ் ஏவுகணையைச் சோதித்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 2024 ஜனவரியில் நடந்ததுதான். சோமாலியாவை ஒட்டிய கடலில் லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலில் ஆயுதங்களோடு ஐந்தாறு பேர் ஏறிவிட்டதாக 4-ஆம் தேதி மாலை தகவல் வந்தது. கடற்கொள்ளைத் தடுப்பு ரோந்தில் இருந்த சென்னை அங்கே விரைந்து, மறுநாள் பிற்பகல் மூன்றேகாலுக்கு அதை மறித்தது. கடற்படையின் மார்கோஸ் கமாண்டோ வீரர்கள் ஏறித் தேடியபோது கொள்ளையர் யாரும் இல்லை. பாதுகாப்பு அறையில் பதுங்கியிருந்த மாலுமிகள் 21 பேரும் மீண்டார்கள். அதில் 15 பேர் இந்தியர்.

கூப்பிட்ட நேரத்துக்கு ஒரு கப்பல் ஓட வேண்டுமென்றால் அதன் பம்பு ஓட வேண்டும், வால்வு கசியக் கூடாது, பேரிங் சூடேறக் கூடாது. அதுவும் ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல் 1980 முதல் 2021 வரை 41 ஆண்டு உழைத்தது. அதைக் கட்டித் தந்த சோவியத் யூனியன் 1991-லேயே இல்லாமல் போனது. கட்டிய நாடு மறைந்த பிறகும் அந்தக் கப்பலுக்கு முப்பது ஆண்டு உதிரிபாகம் தேவைப்பட்டிருக்கிறது. சென்னையின் கேஸ் டர்பைன்கள் உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்து ஸோர்யா ஆலையில் செய்தவை. 2022 போரில் அந்த நகரமே குண்டுவீச்சுக்கு ஆளானது. கப்பலின் பெயர் நம்முடையது, அதன் இதயத்துக்கு மருந்து எங்கோ இருக்கிறது.

டர்பைன் பிளேடு எங்களால் ஆகாது, அது வேறு உலோக வித்தை. ஆனால் பம்பு ஷாஃப்ட், கிளாண்ட் புஷ், ஃபிளாஞ்ச், வால்வு சீட் எல்லாம் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள சிறு பட்டறைகளின் கைக்கு அடங்கியவை. மைக்ரான் கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. தடுப்பது எண்ணிக்கை. கார் கம்பெனி ஆயிரக்கணக்கில் கேட்கும். கப்பலுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அந்தப் பத்துக்கும் பெரிய ஆர்டருக்குரிய டெபாசிட், மூன்று வருட விற்றுமுதல், முன் அனுபவச் சான்று எல்லாம் கேட்டால் எந்தப் பட்டறை டெண்டர் போடும்? நானும் ஒரு டெண்டரின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு மூடி வைத்தவன்தான். முதல் ஆர்டர் கிடைக்காதவனுக்கு முன் அனுபவம் எங்கிருந்து வரும்?

பாதுகாப்புத் துறை இறக்குமதி செய்யும் பாகங்களைப் பட்டியலிடும் சிருஜன் இணையதளம் 2020 முதல் இருக்கிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். ஆனால் படத்தில் பார்ப்பதை விட, தேய்ந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் ஒரு டர்னர் 'முடியும்' என்பான். கடற்படையும் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் அந்தப் பாகங்களை ஒரகடத்துக்கே கொண்டுவந்து காட்டட்டும். சிறு ஆர்டருக்கு டெபாசிட்டை நீக்கட்டும். சோதனைச் செலவை அரசு ஏற்கட்டும். பணத்தைச் சிறு தொழில்களுக்கான சட்டம் சொல்லும் 45 நாளுக்குள் தரட்டும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.