நீல லைட் போட்டது போதும், வேலையைக் கொடுங்க!

ஏப்ரல் 2 வந்தா போதும். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள்னு கட்டடம் கட்டடமா நீல லைட் எரியும். அமைச்சர்கள் வாழ்த்துப் பதிவு போடுவாங்க, கம்பெனிக்காரங்க லோகோவை நீலமா மாத்துவாங்க. ஏப்ரல் 3 காலையில அதே கம்பெனி எச்.ஆர். கிட்ட போய், "எங்க பையனுக்கு 22 வயசு, ஆட்டிசம் இருக்கு, ஸ்டோர் ரூம்ல ஏதாவது வேலை கிடைக்குமா"ன்னு கேட்டுப் பாருங்க. "பயோடேட்டா கொடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னாலே பெரிய விஷயம்.

தோழர்களே, சலுகை கேட்டு இதை எழுதல. சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம்.

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற வார்த்தையே கிடையாது. அறிவுசார் குறைபாடு பட்டியலில் இருந்தது, ஆனா 3% வேலை ஒதுக்கீட்டில் அதுக்குப் பங்கு இல்லை. 2016 சட்டம்தான் ஒதுக்கீட்டை 4% ஆக்கி, அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தது. ஐந்து பேருக்கு ஒரு இட்லி. அந்த இட்லியும் போட்டித் தேர்வு எழுதி ஜெயிச்சாத்தான் தட்டுக்கு வரும். வேலையை அருமையா செய்யக்கூடிய ஒரு பிள்ளை, மூணு மணி நேரம் பொது அறிவுக் கேள்வித்தாளோட மல்லுக்கட்ட முடியலைன்னா வெளியே நிக்கணும்.

அதே சட்டத்தின் 19-வது பிரிவைப் படிங்க. பொதுவான எல்லாத் தொழிற்பயிற்சித் திட்டங்களிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கணும், ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவங்களுக்குச் சந்தையோடு நேரடித் தொடர்புள்ள தனிப் பயிற்சி வேணும்னு தெளிவா இருக்கு.

சரி, ஒன்றிய அரசு என்ன செஞ்சுது? 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தடபுடலா தொடங்கினாங்க. 500 பெரிய கம்பெனிகள், 5 ஆண்டுகளில் 1 கோடி இளைஞர்கள், மாசம் 5,000 ரூபாய். வாசலிலேயே போர்டு: குறைந்தது 10-ஆம் வகுப்பு தேறியிருக்கணும், வயசு 21-லிருந்து 24-க்குள் இருக்கணும். சிறப்புப் பள்ளியில் 18 வயசு வரை படிச்சு, பத்தாவது சான்றிதழ் இல்லாம வெளியே வரும் பிள்ளைக்கு அந்த வாசலிலேயே கதவு மூடியாச்சு. இத்தனைக்கும் முதல் சுற்றில் 82 ஆயிரம் பேருக்கு அழைப்பு போய், சேர்ந்தது 9 ஆயிரத்துக்கும் கீழே! இடம் காலியாக் கிடக்கு, வர்ற ஆளை மட்டும் உள்ளே விடமாட்டாங்க.

நம்ம ஊர்ல இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சின்னாலே மெழுகுவத்தி, பேப்பர் கவர், பினாயில். வருஷக்கணக்கா அதே பெஞ்சில் அதே கவர். அங்க இருக்கிற ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து உழைக்கிறாங்க, அவங்களைக் குறை சொல்லல. திட்டமே தலைகீழா இருக்கு. அமைதியான ஒரு அறையில் கத்துக்கிட்டதை, சத்தமும் கூட்டமும் புது மேஸ்திரியும் இருக்கிற இடத்தில் அப்படியே செய்யிறது ஆட்டிசம் உள்ளவங்க பலருக்குக் கஷ்டம். அதனால முதலில் வேலை இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். பயிற்சியை அங்கேயே, ஒரு ஆள் பக்கத்தில் நின்னு கொடுக்கணும்.

அந்த ஆளுக்குப் பேர் ஜாப் கோச். மொதல்ல அந்த வேலையை அவரே செஞ்சு பார்ப்பார். அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு, படம் போட்ட அட்டையா ஒட்டுவார். "சீக்கிரம் முடிப்பா"ன்னு சூப்பர்வைசர் சொன்னா பிள்ளைக்குப் புரியாது. "11 மணிக்குள்ள இந்த 40 பெட்டியை அடுக்கு"ன்னு சொல்லணும்னு சூப்பர்வைசருக்குக் கத்துக்கொடுப்பார். டீ டைம்ல எங்க உக்காரணும், பஸ் வரலைன்னா யாருக்கு போன் பண்ணணும், எல்லாம் அந்தப் பயிற்சியில் அடக்கம். பிள்ளைக்குப் பிடி கிடைக்கக் கிடைக்க மெல்ல விலகிக்குவார்.

இது கற்பனை இல்லை. 1996-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில் மருந்துப் பொருட்களை அடுக்கும் வேலையில்தான் 'ப்ராஜெக்ட் சர்ச்' தொடங்குச்சு. இன்னிக்கு பல நாடுகளில் நடக்குது. இங்கிலாந்தில் இதே மாதிரி இன்டர்ன்ஷிப் அரசுக் கல்வித் திட்டத்திலேயே இருக்கு. ஆனா அங்க சம்பளம் கிடையாது, அதை நாம காப்பியடிக்க வேண்டாம். உழைக்கிறவனுக்குக் கூலி கொடுக்கணும். 'பயிற்சி'ங்கிற பேர்ல இலவச உழைப்பை உறிஞ்ச எந்தக் கம்பெனியையும் விடமாட்டோம்.

இன்னொண்ணு. நம்ம ஐ.டி. நண்பர்களே சிலர், "ஆட்டிசம்னா கம்ப்யூட்டர்ல புலியா இருப்பாங்களே"ன்னு கேட்கிறாங்க. சினிமா பார்த்து வந்த வியாதி. சிலர் இருக்கலாம், எல்லாரும் இல்லை. மேதையா இருந்தாத்தான் வேலைங்கிற நிபந்தனை நமக்கு யாரும் போடலையே! நம்ம அரசுப் படிவத்தில் இவங்களுக்குப் பேர் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு எந்த ஸ்டாப்புக்கு வரும்னு மனப்பாடமா சொல்ற பிள்ளைக்கு வெச்ச பேரைப் பாருங்க.

மாநில அரசையும் கேட்கிறோம். மாசம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கொடுக்கிறீங்க, அது தேவைதான். "எனக்கப்புறம் இவனை யார் பாத்துக்குவா"ன்னு தூங்காம கிடக்கிற அம்மாவுக்கு அது பதில் ஆகுமா? 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் நம்மகிட்ட இருக்கு. அவற்றின் மருத்துவமனை ஒவ்வொண்ணுலயும் ஸ்டோர், லாண்டரி, சமையல்கூடம், ரெக்கார்டு ரூம் இருக்கு. ஆளுக்கு 10 பேர்னு எடுத்தாலும் முதல் வருஷமே 360 பேர். ஜாப் கோச்சுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம்; முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனமே இருக்கு, சிறப்புக் கல்வி படிச்சவங்க நிறையப் பேர் வேலை இல்லாம இருக்காங்க. அவங்களுக்கு நிரந்தரச் சம்பளம் போடுங்க. வேலைக்குப் போனா உதவித்தொகை நின்னுடுமோங்கிற பயத்தை ஒரு அரசாணையில் தீர்த்து வையுங்க. ஒன்றிய அரசு 10-ஆம் வகுப்பு, வயசு நிபந்தனைகளை இந்தப் பிள்ளைகளுக்குத் தளர்த்தட்டும்.

தோழர்களே, லைக் போட்டுட்டு நகராதீங்க. உங்க தெருவில் 18 வயசு தாண்டி வீட்டுக்குள்ளேயே இருக்கிற பிள்ளை யாருன்னு உங்களுக்குத் தெரியும். அந்த அப்பா அம்மாவோட வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்க. மனுவில் 2016 சட்டம், பிரிவு 19-ன்னு மறக்காம எழுதுங்க. ஒப்புகைச் சீட்டை வாங்காம வராதீங்க. அதைப் படம் எடுத்து, பெற்றோர் பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு, இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. மாவட்ட வாரியா தொகுத்து அடுத்த மாசம் தலைமையிடம் கொடுக்கிறோம்.

- தகவல் தொழில்நுட்பப் பிரிவு
#ஏப்ரல்3க்கு_பதில்_சொல்