பரந்தன் உப்பும் பழைய இரும்பும்

2008 இல் ஜெயபுரத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களுக்குப் பரந்தன் சந்தி இலகுவில் மறக்கக்கூடிய இடமல்ல. வன்னேரிக்குளம், அக்கராயன், கிளிநொச்சி என்று இடம் மாறி, உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூட்டையும் கோழிக்கூடும் கூரைத் தகரமும் ஏற்றிக்கொண்டு வந்தவர்களில் பலர் அந்தச் சந்தியில் திரும்பித்தான் முல்லைத்தீவு வீதியில் இறங்கினார்கள். பரந்தனில் பாழடைந்து நின்ற இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றி யோசிக்க அன்று எவருக்கும் நேரமிருக்கவில்லை. அண்மையில் ஜெயபுரத்தில் விவசாயிகளுடன் கூடியிருந்தபோது முதியவர் ஒருவர் கேட்டார்: "சுவாமி, அந்தக் கெமிக்கல் பக்டரியைத் திரும்பத் துவக்கப் போறாங்கள் எண்டு அடிக்கடி சொல்லுறாங்கள். அதாலை எங்களுக்கு நன்மையோ, இல்லாட்டி இருக்கிற தண்ணியும் கெட்டுப் போகுமோ?"

நியாயமான கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. அந்த ஆலையின் மூலப்பொருளோடு உறவுடைய ஓர் இரசாயனத்தை மட்டும் எடுத்து விளக்கினால் விடையின் பெரும்பகுதி தானாகவே வெளிப்படும் என்று எண்ணுகிறேன். அதன் பெயர் பெரிக் குளோரைட்டு. க.பொ.த. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பீனோலுடன் சேர்ந்ததும் ஊதா நிறம் தருகின்ற கரைசல் என்று உடனே சொல்லும். அதற்கு மேல் அதனால் என்ன பயன் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனந்தான். எமது கல்வியின் குறை அது, பிள்ளையின் குறையல்ல.

பரந்தன் ஆலை 1950களில் அரச நிறுவனமாக உருவானது. அதற்கு வேண்டிய உப்பு பக்கத்திலேயே, ஆனையிறவில் விளைந்தது. உப்பை நீரில் கரைத்து மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடா, குளோரீன் வாயு, ஐதரசன் வாயு என்று மூன்று பொருள்கள் பிரிந்து வரும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் உதவும். குளோரீன் குடிநீரிலுள்ள கிருமியைக் கொல்லும். குளோரீனையும் ஐதரசனையும் சேர்த்தால் ஐதரோகுளோரிக் அமிலம் கிடைக்கும். அதே குளோரீனைச் சூடான இரும்பின் மீது செலுத்தினால் உண்டாவதுதான் பெரிக் குளோரைட்டு. பழைய இரும்பை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலினூடாகக் குளோரீனைச் செலுத்தியும் இதைப் பெறலாம். 100 கிலோ பெரிக் குளோரைட்டில் ஏறக்குறைய 34 கிலோ இரும்பு, மீதி 66 கிலோ குளோரீன். அதாவது உப்பும் பழைய இரும்பும் மின்சாரமும் இருந்தால் போதும். போர் முடிந்தபின் வன்னி மண்ணில் எது இல்லாவிட்டாலும் பழைய இரும்பு கிடந்தது. வெடிபொருள் எது, வெறும் இரும்பு எது என்று தெரியாமல் அதைப் பொறுக்கிக் கையையும் உயிரையும் இழந்தவர்கள் உண்டு. கிலோக் கணக்கில் வாங்கப்பட்டு லொறி லொறியாகத் தெற்கே போனது அது.

நீரில்லாத பெரிக் குளோரைட்டு கரும்பச்சை மினுக்கமுள்ள பளிங்காக இருக்கும். ஒளியை ஊடுருவவிட்டுப் பார்த்தால் செவ்வூதாவாகத் தெரியும். ஈரக்காற்றுப் பட்டதும் புகையும். அந்தப் புகை அமிலப் புகை. நீரை உறிஞ்சிக்கொண்ட வகை மஞ்சள் கலந்த கபில நிறக் கட்டி. அது 37 பாகை செல்சியசில் உருகிவிடும் என்றால், சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கொட்டிலுக்குள் என்னவாகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சந்தைக்குப் பெரும்பாலும் 40 வீதக் கரைசலாகவே வருகிறது. இரும்பை அரிக்கும், செம்பை அரிக்கும், துருப்பிடிக்காத உருக்கையுங்கூடப் பொத்தலாக்கும். ஆகவே பிளாஸ்ரிக் அல்லது இறப்பர் பூசிய தாங்கியில்தான் வைக்க வேண்டும். உடுப்பில் பட்டால் கறை போகாது. கண்ணில் பட்டால் உடனே கால்மணி நேரமாவது நல்ல நீரால் கழுவிக்கொண்டிருந்துவிட்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

இத்தனை பொல்லாத பொருள் குடிநீரைத் தெளியவைப்பதற்குப் பயன்படுகிறது என்பதுதான் ஆச்சரியம். மாரியில் குளத்து நீர் கலங்கியிருப்பதற்குக் காரணம் அதிலுள்ள நுண்ணிய களிமண் துகள்கள். அவை எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் படியாமல் நாட்கணக்காக மிதக்கும். இரும்பின் எதிர் மின்னேற்றம் அந்தத் தள்ளுதலை இல்லாமற் செய்கிறது. கூடவே பெரிக் குளோரைட்டு நீருடன் தாக்கமுற்றுக் கபில நிறக் கூழ்த்திரளாக மாறி, அழுக்கைத் தன்னோடு பிடித்துக்கொண்டு கீழே படிகிறது. மேலே தெளிந்த நீரை மணலில் வடித்து, பிறகே குளோரீன் இடுவார்கள். கலங்கல் நீருக்கு நேரே குளோரீன் இட்டால் அது அழுக்கோடு போரிட்டே தீர்ந்துவிடும், கிருமி தப்பிவிடும். எங்கள் பாட்டிமார் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்ததும் இதே நோக்கத்துக்குத்தான். படிகாரமும் இதே வேலையைச் செய்யும். ஆனால் படிகாரத்தைவிட அதிக அமில, காரத் தன்மையுள்ள நீரிலும் பெரிக் குளோரைட்டு வேலை செய்யும் என்பதால் பெரிய ஆலைகள் இதை விரும்புகின்றன.

இதை வாசித்துவிட்டு எவராவது கிளிநொச்சிக் கடையில் விசாரித்து வாங்கி வந்து கிணற்றில் ஊற்றிவிடக் கூடாது. ஒரு லீற்றர் நீருக்குச் சில பத்து மில்லிகிராம் மட்டுமே வேண்டிய பொருள் அது. அளவு தவறினால் நீர் அமிலமாகிவிடும். கைத்தொழிலுக்கென விற்கப்படும் மலிவான வகையில் வேறு உலோகங்களும் கலந்திருக்கும். குழாய்க் கிணற்று நீர் இறைக்கும்போது தெளிவாக இருந்து, குடத்தில் சற்று நேரம் நின்றதும் பழுப்பாகிறது என்று முறையிடுகிற தாய்மாருக்கு எந்த இரசாயனமும் தேவையில்லை. நிலத்தடியில் ஒட்சிசன் படாமல் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது, அவ்வளவுதான். நீரை உயரத்திலிருந்து பூவாளி போலச் சிதறவிட்டு, ஒரு தொட்டியில் தங்கவிட்டு, மணலில் வடித்தால் பெரும்பகுதி நீங்கிவிடும். கிருமிக்குக் கொதிக்க வைப்பதே நல்லது. கிணற்றுக்குக் குளோரீன் போடும் வேலையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விடுங்கள்.

றேடியோவுக்கும் கைத்தொலைபேசிக்கும் உள்ளே இருக்கும் மின்சுற்றுத் தகடுகளில் வேண்டாத செம்பை அரித்தெடுக்கவும் பெரிக் குளோரைட்டு பயன்படுகிறது. விவசாயிக்கு அதைவிட விளங்கக்கூடிய பயன் ஒன்று உண்டு. நகரங்களின் கழிவுநீரில் பொசுபேற்று மிகுந்து குளங்கள் பாசிபிடிக்காமலிருக்க, கழிவுநீரில் இதை இடுகிறார்கள். இரும்பு பொசுபேற்றை இறுகப் பிடித்துச் சேறாக்கிவிடும். செம்மண் தோட்டத்தில் நீங்கள் இடும் ரி.எஸ்.பி. பசளையின் ஒரு பங்கு பயிருக்கு எட்டாமல் போவதும் அந்த மண்ணிலுள்ள இரும்பின் இதே பிடியால்தான். அதனால்தான் பசளையைப் பரவலாக வீசாமல் வேரருகில், கூட்டெருவோடு சேர்த்து இடும்படி சொல்கிறார்கள்.

இனி முதியவரின் கேள்விக்கு வருகிறேன். போர்ச் சூழலால் 1985 இல் பரந்தன் ஆலையின் உற்பத்தி நின்றது. அப்போது நான் சிறு பிள்ளை. அதன் பின்னர் அந்த நிறுவனம் குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்கி நீர்வழங்கல் தேவைகளுக்கு விநியோகிக்கும் நிறுவனமாக மாறியது. உப்பும் நீரும் இங்கே இருக்க, உப்பிலிருந்து வருவதைக் கப்பலில் இறக்குகிறோம். இதனிடையே நீர்த் தேவை பெருகிவிட்டது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததையும், அதன் பின்னர் மாற்று வழியாகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. இத்தகைய நிலையங்களில் கடல்நீரை மென்சவ்வுக்கு அனுப்புமுன் தெளியவைக்க உலகெங்கும் வழக்கமாகக் கையாளப்படுவது பெரிக் குளோரைட்டே. வயலுக்கு நீரைக் காப்பாற்ற வேண்டும் என்று போராடிய எமக்கு இந்த இரசாயனம் தொடர்பில்லாத ஒன்றல்ல.

ஆகவே ஆலை வரவேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்க நான் ஆயத்தமில்லை. இங்கே இரு சாராரைக் காண்கிறேன். வேலை கிடைத்தால் போதும், வேறொன்றும் கேட்காதே என்கிறது ஒரு சாரார். கெமிக்கல் என்றாலே நஞ்சு, வேண்டவே வேண்டாம் என்கிறது மற்றது. மெனிக் பாமில் வரிசையில் நின்று, குளோரீன் மணக்கும் தண்ணீரை ஏந்தி வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த நாம் கெமிக்கல் முழுவதும் நஞ்சு என்று சொல்லிவிட முடியாது. அதே வேளை, 1915 இல் பெல்ஜியத்தின் ஈப்பர் களமுனையில் படையினரை மூச்சுத்திணற வைத்துக் கொன்றதும் இதே குளோரீன்தான். பாதிப்பு எந்த வாயுவால் வந்தாலும், 1984 போபால் விபத்தில் முதலில் மடிந்தவர்கள் வேலிக்கு அப்பால் குடியிருந்த ஏழைகள்.

முன்னைய தலைமுறை ஆலைகளில் பல, உப்புக் கரைசலைப் பிரிக்கப் பாதரசத்தைக் கையாண்டன. அது நீரில் கலந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் போகும். இன்று மென்சவ்வுக் கலம் இருக்கிறது, பாதரசம் தேவையில்லை. வரப்போவது எந்தக் கலம் என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு தொன் குளோரீனுக்கு 2,500 முதல் 3,500 அலகு வரை மின்சாரம் வேண்டும். அது எங்கிருந்து வரும்? மிஞ்சும் உப்புநீரை எங்கே விடுவார்கள்? பரந்தன் வயல்களின் வாய்க்காலில் ஒருமுறை உப்பு ஏறினால் அதை இறக்க எத்தனை மாரி வேண்டும் என்பதைப் பூநகரிப் பக்கத்து விவசாயியைக் கேட்டால் சொல்வார். வாயு கசிந்தால் யார் மணியடிப்பது, மக்கள் எந்தப் பக்கம் ஓடுவது? குளோரீன் காற்றைவிடப் பாரமானது, பள்ளத்தில் தங்கும். ஆகவே மேட்டுப் பக்கமாக, காற்றுக்குக் குறுக்கே விலக வேண்டும். இதைப் பாடசாலைப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

வேலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூட்டை தூக்குவதற்கும் காவல் நிற்பதற்கும் மட்டும் எங்கள் இளைஞர்களை எடுத்து, ஆய்வுகூடத்துக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தால், ஆலை பரந்தனில் இருந்தும் எங்களுடையதாக இராது. பயிற்சிக்கு ஆண்டுகள் பிடிக்கும். கட்டடம் எழும்பிய பிறகு பயிற்சி என்றால் பிந்திவிடும். இதையெல்லாம் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒரு கடிதமாக எழுதிப் பிரதேச செயலாளருக்குக் கொடுக்கலாமா என்று முதியவரிடம் கேட்டேன். "எழுதுவம் சுவாமி, ஆனா அந்தப் பேரை ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.