கத்தரிக்காய் கூடாதா? சோதனைச் சீட்டு சொல்வது என்ன?

திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது அண்ணனூர். மின்சார ரெயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனை உள்ள ஊர். காலை வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதால் பல வீடுகளில் விடியுமுன்பே அடுப்பு எரியும்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அம்மாளுக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் வாய் நமைக்கிறது. கையில் தடிப்பு வருகிறது. சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது. "அது கரப்பான் பண்டம். தொடாதே!" என்கிறார் மாமியார்.

சோதனை செய்தார்கள். சீட்டு வந்தது. கத்தரிக்காய்க்கு மட்டுமா குறி? பால், நிலக்கடலை, கொண்டைக்கடலை எல்லாவற்றுக்கும் குறி! இனி எதைச் சமைப்பது? எதைச் சாப்பிடுவது?

அவசரப்பட வேண்டாம்.

அலர்ஜி என்றால் என்ன?

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க் கிருமி வந்தால் எதிர்த்துப் போராடும். சிலருக்கு அந்தப் படை ஆள் தெரியாமல் அடித்துவிடுகிறது. நல்ல உணவையும் பகை என்று எண்ணுகிறது. அதுதான் அலர்ஜி. தமிழில் ஒவ்வாமை என்கிறோம். அலர்ஜி என்ற பெயரை 1906-ல் சூட்டியவர் ஆஸ்திரிய நாட்டு டாக்டர் பிர்க்கே. இதற்குக் காரணமான 'ஐ.ஜி.இ.' என்ற பொருள் ரத்தத்தில் இருப்பது 1960-களில்தான் தெரிய வந்தது.

பால் குடித்தால் வயிறு உப்புகிறதே, அதுவும் அலர்ஜியா? பெரும்பாலும் இல்லை. பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால் வரும் தொல்லை அது. இரண்டும் வேறு.

சோதனை எப்படி?

முன்கையில் உணவுச் சாற்றைச் சொட்டு வைப்பார்கள். அதன் மேல் ஊசி முனையால் லேசாகக் கீறுவார்கள். 15 நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். தடிப்பு எழுந்தால் குறி. ரத்தம் எடுத்து ஐ.ஜி.இ. அளவைப் பார்ப்பதும் உண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. குறி இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள் அல்ல! கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. ரத்த சோதனையில் ஏதாவது ஓர் உணவுக்குக் குறி இருந்தவர்கள் 100-க்கு 26 பேருக்கு மேல். உண்மையிலே உணவு அலர்ஜி இருக்கக்கூடியவர்களோ 100-க்கு ஒருவர்தான்!

சீட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? இத்தனை பேரும் வீணாக உணவைக் கைவிடுவார்கள். வளரும் குழந்தைக்குப் பாலும் முட்டையும் கடலையும் நிறுத்தினால் சத்து குறையும். ஆகவே டாக்டர் முதலில் கேட்பது, "சாப்பிட்டால் என்ன செய்கிறது?" என்பதுதான். 'ஐ.ஜி.ஜி.' என்று வேறொரு சோதனையும் விற்கப்படுகிறது. அதைக் கொண்டு உணவு அலர்ஜியை முடிவு செய்யக் கூடாது என்பது அலர்ஜி நிபுணர் சங்கங்களின் கருத்து.

மாமியார் சொன்னது சரியா?

கத்தரிக்காய் விஷயத்தில் மாமியார் சொல்லைத் தள்ளிவிட முடியாது. அது சிலருக்கு ஒவ்வாது என்பதை மைசூர் ஆராய்ச்சியாளர்களே கண்டிருக்கிறார்கள். பெண்களிடம் அது கூடுதல் என்று 2008-ல் எழுதினார்கள். ஆனால் அது சிலருக்குத்தான். வீட்டில் எல்லோரும் விட வேண்டியதில்லை.

அந்த அம்மாள் பாலும் கடலையும் இத்தனை நாளும் சாப்பிட்டு வந்தார். ஒன்றும் செய்யவில்லை. டாக்டரிடம் அதைச் சொன்னால் அவை நிற்காது. கத்தரிக்காய் மட்டும் நிற்கும். காயை ஒதுக்கிவிட்டுச் சாம்பாரை ஊற்றிக்கொள்ளலாமா? கூடாது. காயின் சாறு குழம்பில் கலந்திருக்கும்.

பொட்டலத்தைப் படியுங்கள்!

2020-ல் வந்த மத்திய அரசு விதி ஒன்று இருக்கிறது. கோதுமை போன்ற தானியம், பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, கடலை-கொட்டை வகை, சோயா, சல்பைட் ஆகிய எட்டில் எது இருந்தாலும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். கத்தரிக்காயும் கொண்டைக்கடலையும் இந்த எட்டில் இல்லை. அதனால் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். கடையில் சில்லறையாக வாங்கும் பலகாரத்துக்கு அச்செழுத்து ஏது? வாய் திறந்து கேட்க வேண்டியதுதான்.

எப்போது ஆபத்து?

நமைச்சலும் தடிப்பும் மட்டும் என்றால் டாக்டர் தந்த மாத்திரை போதும். நாக்கு வீங்கினால், தொண்டை அடைத்தால், மூச்சு திணறினால், மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். போன முறை லேசாக வந்தது என்பதால் அடுத்த முறையும் லேசாகவே வரும் என்று சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, என்ன செய்தது என்று எழுதி வாருங்கள். டாக்டரிடம் போகும்போது சோதனைச் சீட்டோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடருவது என்று இரண்டையும் பார்த்தே அவர் சொல்வார்.