கார்டு மெஷினும் 555 புத்தகமும்



உங்கள் வட்டாரக் கடையில் இன்னமும் 555 புத்தகம் இருக்கிறதா? உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கடன் புத்தகத்தை நம்பித்தான் புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா (நம் பெரியவர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்சுந்தைதான்) வட்டாரத் தோட்டங்களில் சம்பளத் தேதி வரை அடுப்பு எரிந்தது. மழைக் காலத்தில் வேலை குறைந்தபோதும் அரிசி கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். சாரா உதவித் திட்டம் 2025 ஏப்ரலில் 54 லட்சம் பேருக்கு விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும், சுமார் 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, ஆளுக்கு 100 வெள்ளி மைகார்டில் போடப்பட்டது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 400 வெள்ளி. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் ரொக்கமாகக் கைக்கு வராது. பதிவு பெற்ற கடையில், மைகார்டைப் படிக்கும் மெஷினும் பொருளின் பார்கோடைப் பார்க்கும் கணினியும் இருந்தால்தான் செல்லும். கடன் கொடுத்தவர் லயத்து முனையில் இருக்கிறார். காசு வாங்குவது டவுனில் உள்ள பெரிய கடை. நம் அக்கா 100 வெள்ளிச் சாமான் வாங்க வாடகைக் காருக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சம்பளத்தை எந்தக் கடையில், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது. உதவித் தொகை சம்பளம் அல்ல, இந்தப் பிரிவு அதற்குப் பொருந்தாது. இருந்தாலும், தொழிலாளி தன் காசை விரும்பிய கடையில் செலவழிக்கட்டும் என்ற அந்த நியாயத்தை அரசாங்கமே மறந்துவிடலாமா?

அப்படியானால் நம் கடைக்காரர்களும் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வைக்கத்தான் வேண்டும். இன்று இளைஞர்கள் கார்டைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். 250 வெள்ளி வரை பின் எண்கூடத் தேவையில்லை. பணம் வங்கி வழியாக வந்தால் விற்பனைக்குக் கணக்கு இருக்கும். தெக்குன், ஸ்பூமி கடனுக்குப் போகும்போது கையில் காட்ட ஒரு தாளாவது இருக்கும். வரி அதிகாரி வந்துவிடுவார் என்று பயந்து கடையையே பதிவு செய்யாமல் இருக்கும் நம்மவர்களும் உண்டு. சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் பதிய 60 வெள்ளி. இந்தப் பயத்தால் இழப்பதுதான் அதிகம்.

ஆனால் மெஷினைக் கொண்டு வருபவர் நீட்டும் தாளில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு பலகாரக் கடை அம்மா என்னிடம் ஒரு வக்கீல் நோட்டீசைக் கொண்டு வந்தார். "மெஷின் இலவசம்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்தில் லைன் கிடைக்கவில்லை, மெஷின் அலமாரியில் கிடந்தது. மாத வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலம். திருப்பிக் கொடுத்தாலும் மீதி மாதங்களுக்குக் கட்ட வேண்டுமாம்.

இது பழைய கதைதான். 1934இல் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வேல்ஸில் சிற்றுண்டிக் கடை நடத்திய லெஸ்ட்ரேஞ்ச் என்ற பெண், சிகரெட் விற்கும் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கினார். சில நாளிலேயே அது வேலை செய்யவில்லை. சின்ன எழுத்தை அவர் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டதால் தோற்றார். சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவரைத்தான் பார்க்கிறது. வியாபாரத்துக்கு வாங்கியவர் அந்தக் கதவைத் தட்டுவது சிரமம்.

அதனால் முதலில் கேளுங்கள்: மாத வாடகை எவ்வளவு, எத்தனை மாதக் கட்டாயம், ஒவ்வொரு விற்பனையிலும் எத்தனை விழுக்காடு பிடிப்பார்கள், பணம் எந்த நாள் கணக்கில் விழும்? விலைக் கட்டுப்பாட்டில் உள்ள சீனியில் நீங்கள் விலையை ஏற்றி அந்தப் பிடித்தத்தை ஈடுகட்ட முடியாது. பலகாரக் கடைக்கும் காய்கறி வண்டிக்கும் டூயிட்நவ் கியூஆர் அட்டை ஒன்றே போதும். 2023 அக்டோபரில் அதற்கும் கட்டணம் வரப்போகிறது என்றதும் மக்கள் எழுப்பிய குரலில்தான், பெரிய வங்கிகள் சிறு வியாபாரிகளுக்கு அதைத் தள்ளுபடி செய்தன. உங்கள் வங்கியில் இன்று என்ன நிலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டப்புறக் கடைகளை உதவித் திட்டத்தில் சேர்க்கவும், மெஷின் ஒப்பந்தம் தமிழிலும் மலாயிலும் கிடைக்கவும் கேட்டு மனு தயாரிக்கிறோம். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நேரில் கேளுங்கள். மெஷின் வைத்து மாட்டிக்கொண்டவர்கள் ஒப்பந்தத் தாள், வங்கிக் கணக்கு அறிக்கை, ஏஜெண்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். நோட்டீஸ் வந்திருந்தால் அதில் போட்டிருக்கும் தேதிக்குள் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.