ஊர் மாறும் ஆட்டக் கோஷ்டிகள்

ஊரை விட்டுப் பெயர்ந்து வாழ்வது எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உத்தியோகத்தின் பொருட்டோ வியாபாரத்தின் பொருட்டோ நம்மிற் பெரும்பாலோர் பிறந்த ஊரைத் துறந்து வந்தவர்களே. நாம் புறப்பட்டு வந்தமைக்காக நம் ஊர் ஒரு தம்பிடியும் நஷ்ட ஈடு கேட்டதில்லை; வந்து சேர்ந்த ஊரும் நமக்கு வீடு கட்டித் தருவதாக முன்வந்ததில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விசித்திரமானதொரு குடிபெயர்ச்சி நெடுங்காலமாக நடந்து வருகிறது. அங்கே பெயர்ந்து செல்பவை கால்பந்தாட்டக் கோஷ்டிகள். அவை புறப்பட்டால் பழைய ஊர் கண்ணீர் வடிக்கிறது. வரவேற்கும் ஊரோ பல கோடி டாலர் செலவில் ஆட்டரங்கம் எழுப்பிக் கொடுக்கிறது. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, கொடுத்த ஊருக்குப் பலன் உண்டா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

கால்பந்து என்று பெயரிருப்பினும் அமெரிக்கர் பெரிதும் போற்றுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம் அது. அதனை நடத்தும் நேஷனல் புட்பால் லீக் என்னும் சங்கத்தில் 32 கோஷ்டிகள் உள்ளன. ஒன்றைத் தவிர மற்றவை யாவும் செல்வந்தர்களின் சொந்த உடைமைகள். கோஷ்டியின் பெயருக்கு முன்னால் ஊரின் பெயர் நிற்கும். ஆயினும் கோஷ்டி ஊருடையது அன்று. இந்தப் பெயருக்கும் உரிமைக்கும் இடையேயுள்ள வேற்றுமையிலிருந்தே சங்கடங்கள் யாவும் முளைக்கின்றன.

1984-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் தேதி இரவு பால்டிமோர் நகரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1953 முதல் அந்நகரில் ஆடி வந்தது கோல்ட்ஸ் என்னும் கோஷ்டி. அதன் உரிமையாளர் ராபர்ட் இர்ஸே, ஆட்டரங்கம் பழையதாகிவிட்டது என்று அதிகாரிகளோடு நெடுநாள் பிணங்கிக்கொண்டிருந்தார். சாலை போடுவதற்கு நிலத்தைச் சர்க்கார் கையகப்படுத்துவதுபோல், கோஷ்டியையே நகரம் கையகப்படுத்த வழிசெய்யும் மசோதா ஒன்று மேரிலாண்டு சட்டசபையில் விவாதத்திற்கு வந்தது. அச்செய்தி காதில் விழுந்ததும் உரிமையாளர் தாமதிக்கவில்லை. இரவோடிரவாக லாரிகள் வந்து நின்றன. தலைக்கவசம் முதல் அலுவலகத் தஸ்தாவேஜுகள் ஈறாக அனைத்தும் ஏற்றப்பட்டன. பொழுது விடிந்தபோது கோஷ்டி இண்டியானாபொலிஸ் நகரை நோக்கிப் பயணமாகிக்கொண்டிருந்தது. அந்நகரமோ, கோஷ்டி எதுவும் கைவசம் இல்லாத காலத்திலேயே, உணவு விடுதிகளில் உண்பதற்கும் பருகுவதற்கும் நூற்றுக்கு ஒன்று வீதம் வரி விதித்து, மூடு கூரையுடைய ஓர் அரங்கத்தை ஏறக்குறைய கட்டி முடித்துக் காத்திருந்தது.

பால்டிமோரில் எஞ்சியது வாத்திய கோஷ்டி மட்டுமே. ஆட்டக்காரர்கள் போய்விட்ட பின்னரும் அவ்வாத்தியக்காரர்கள் கலைந்துவிடவில்லை. பழைய பெயரிலேயே ஊர்வலங்களிலும் பிற ஊர் அரங்குகளிலும் பல ஆண்டுகள் வாசித்து வந்தார்கள். மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாண வீட்டில் மேளக்காரர் மட்டும் இருந்து வாசித்த கதை இது. ஓர் ஊரின் பற்று எத்துணை ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தப் பற்றே வியாபாரத்தின் மூலதனமும் ஆகிறது என்பதுதான் வருந்தத்தக்கது.

பதினோரு ஆண்டுகள் சென்றன. 1995 நவம்பர் 6-ஆம் தேதி கிளீவ்லாண்டு பிரௌன்ஸ் கோஷ்டியின் உரிமையாளர் ஆர்ட் மோடெல், தம் கோஷ்டியைப் பால்டிமோருக்குக் கொண்டுசெல்வதாக அறிவித்தார். 1946 முதல் கிளீவ்லாண்டு மக்கள் போற்றி வளர்த்த கோஷ்டி அது. அரங்கத்தைப் புதுப்பிப்பதற்காக மது, புகையிலை ஆகியவற்றின்மீது இருந்த வரியை நீடிக்கும் பொதுஜன வாக்கெடுப்பு மறுநாளே நடந்தது. மக்கள் பெரும்பான்மையாக ஆதரித்தே வாக்களித்தனர். ஆயினும் கோஷ்டி நிற்கவில்லை. புதிய அரங்கம் எழுப்பித் தருவதாக மேரிலாண்டு மாநிலம் உறுதியளித்திருந்தது. மாநில லாட்டரி வருமானத்தைத் துணையாகக் கொண்டு எழுந்த அவ்வரங்கம் 1998-இல் திறக்கப்பட்டது. 1984-இல் எந்த ஊர் கண்ணீர் வடித்ததோ, அதே ஊர் பிறிதோர் ஊரின் கண்ணீருக்குக் காரணமாயிற்று. பால்டிமோர் மக்களை நாம் கடிந்துகொள்ள முடியுமா? அவர்கள் இழந்ததை மீட்க அவர்களுக்கு விடப்பட்ட வழி வேறு இல்லை. கிளீவ்லாண்டு வழக்குத் தொடுத்தது. இறுதியில் பெயரும் வர்ணமும் பழம்பெருமையும் அவ்வூருக்கே உரியவை என்று ஒப்பந்தமாயிற்று. 1999-இல், பொதுப்பணத்தின் துணையோடு எழுந்த புதிய அரங்கத்தில், அதே பெயரோடு புதிய கோஷ்டி ஒன்று ஆடத் தொடங்கியது.

ஊர்கள் இவ்வாறு ஒன்றோடொன்று போட்டியிடுவது ஏன்? முதற்காரணம் பற்றாக்குறை. கோஷ்டிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சங்கம், அதாவது உரிமையாளர்களே. விரும்பும் ஊர்கள் அதிகம், கோஷ்டிகள் குறைவு. நாற்காலியைவிட ஆட்கள் மிகுந்த விளையாட்டைப் போன்றது இது. 1995 முதல் 2015 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மாநகரத்தில் இச்சங்கத்தின் கோஷ்டி ஒன்றுகூட இல்லை. அவ்வெற்றிடமே உரிமையாளர்களுக்குப் பெரிய ஆயுதமாயிற்று. "அரங்கம் கட்டித் தாருங்கள், இல்லையேல் லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கிறது" என்ற குறிப்பு பல நகர மன்றங்களின் செவியில் விழுந்தது.

இரண்டாவது காரணம் வருமானம் பங்கிடப்படும் முறை. நாடெங்கும் ஆட்டங்களை ஒளிபரப்புவதால் வரும் பெருந்தொகை, 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த அனுமதியின்படி ஒருங்கே விற்கப்பட்டு, கோஷ்டிகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படுகிறது. நுழைவுச் சீட்டுப் பணத்திலும் ஒரு பகுதி பொதுவில் சேர்கிறது. ஆனால் தனவந்தர்களுக்கென அரங்கத்தில் அமைக்கப்படும் தனி அறைகளின் வாடகை அவ்வாறு பங்கிடப்படுவதில்லை. ஆகவே ஓர் உரிமையாளர் தமக்கென்று தனி லாபம் காண விரும்பினால், அவ்வறைகள் நிறைந்த புதிய அரங்கமே வழி. முப்பது ஆண்டுகளே ஆன உறுதியான கட்டிடத்தையும் "காலாவதியாயிற்று" என்று சொல்லும் மர்மம் இதுவே.

மூன்றாவது காரணம் விந்தையானது. நகரசபைகள் வெளியிடும் கடன் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய சர்க்கார் வருமான வரி விதிப்பதில்லை. ஆகவே குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறது. தனியார் அரங்கங்களுக்கு இச்சலுகை போய்ச் சேரக்கூடாதென்று 1986-இல் சட்டம் திருத்தப்பட்டது. கடன் தவணையில் நூற்றுக்குப் பத்துக்குமேல் அரங்கத்தின் தனியார் வருமானத்திலிருந்து வருமாயின் சலுகை இல்லை என்றனர். விளைவோ நேர்மாறாக முடிந்தது. சலுகையை இழக்க மனமில்லாத ஊர்கள், தவணையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பொது வரியிலிருந்தே செலுத்த முன்வந்தன. பூனையை விரட்ட வைத்த கதவு பாற்குடத்தை அதன் பக்கமே தள்ளிவிட்டது.

இவ்வளவு செலவிட்டாலும் ஊருக்கு வேலை பெருகும், வியாபாரம் செழிக்கும் என்று வாதிப்பவர்கள் உளர். இவ்வாதத்தைப் பொருளாதார நிபுணர்கள் பலமுறை சோதித்திருக்கிறார்கள். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பாலிஸ்ட் என்னும் இருவர் 1997-இல் பதிப்பித்த ஆராய்ச்சித் தொகுதி, அண்மையில் எழுந்த எந்த அரங்கமும் போட்ட முதலுக்கு நியாயமான பலனைத் தரவில்லை என்றே முடிவு கூறியது. பின்னர் வந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

காரணத்தை அறிவது கடினமன்று. ஒரு குடும்பம் மாதந்தோறும் கேளிக்கைக்கென ஒதுக்கும் தொகை அளவானது. ஆட்டத்திற்குச் சீட்டு வாங்கிய மாதத்தில் அக்குடும்பம் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் செல்வதைக் குறைத்துக்கொள்ளும். பணம் ஊருக்குள் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாறுகிறதேயன்றிப் புதிதாகப் பிறப்பதில்லை. ஓட்டல்காரர் பெறும் பணம் அவ்வூரிலேயே சுழலும். பல கோடி சம்பளம் பெறும் ஆட்டக்காரர்களோ ஆட்டக்காலம் முடிந்ததும் வேறிடம் சென்றுவிடுவர். மேலும் ஒரு கோஷ்டி தன் அரங்கத்தில் ஆடும் பந்தயங்கள் பருவமொன்றுக்கு எட்டோ ஒன்பதோதான். ஆண்டு முழுதும் வட்டி ஏறும் கட்டிடத்தில் சில நாட்களே ஆட்டம் நடக்கிறது.

செயின்ட் லூயிஸ் நகரத்தின் அனுபவம் இதற்குத் தக்க உதாரணம். 1988-இல் ஒரு கோஷ்டியை இழந்த அந்நகரம், பொதுப்பணத்தில் மூடு கூரை அரங்கம் கட்டி, 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ராம்ஸ் கோஷ்டியை வரவழைத்தது. இதற்காக ஆண்டுதோறும் மிஸௌரி மாநிலம் 1 கோடியே 20 லட்சம் டாலரும், நகரமும் அண்டை மாவட்டமும் தலைக்கு 60 லட்சம் டாலரும் செலுத்த ஒப்பின. ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் ஒளிந்திருந்தது: சங்கத்தின் அரங்கங்களில் முதல் கால்பங்குத் தரத்தில் இவ்வரங்கம் என்றும் நிலைத்திருக்க வேண்டும், இல்லையேல் நீண்டகாலக் குத்தகை கோஷ்டியைக் கட்டுப்படுத்தாது. மற்ற ஊர்கள் புதியன கட்டக் கட்ட, இவ்வூர் அரங்கம் நின்ற இடத்திலேயே பின்தங்கியது. 2016 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்ப அக்கோஷ்டிக்குச் சங்கம் அனுமதி அளித்தது. கோஷ்டி போய்விட்டது, தவணைகள் போகவில்லை. ஆட்டம் நின்ற அரங்கத்திற்கு மக்கள் பின்னும் சில ஆண்டுகள் கடன் செலுத்தினர். 2017-இல் தொடுக்கப்பட்ட வழக்கின் பயனாக 2021 நவம்பரில் 79 கோடி டாலர் பெற்றுச் சமரசம் ஏற்பட்டது. இத்தகைய ஈடு எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸின் அருகே இங்கிள்வுட் என்னுமிடத்தில் ராம்ஸ் உரிமையாளர் எழுப்பிய அரங்கம் 2020-இல் திறக்கப்பட்டது. 500 கோடி டாலருக்கும் மேலான அச்செலவு தனியார் முதலிலிருந்தே வந்தது. உரிமையாளர்களால் சொந்தப் பணத்தில் கட்ட முடியாது என்னும் பேச்சுக்கு இதுவே விடை. அதே ஆண்டில் ஓக்லாண்டு ரெய்டர்ஸ் கோஷ்டி லாஸ் வேகாஸில் குடியேறியது. அதற்கென ஓட்டல் அறைகளின்மீது வரி விதித்து 75 கோடி டாலர் அளிக்க நெவாடா மாநிலம் 2016-இல் தீர்மானித்தது. வரியைச் செலுத்துவோர் வெளியூர் யாத்திரிகர்தானே என்று சமாதானம் கூறுவர். யாத்திரிகர் தந்த பணமாயினும், ஊர்ப் பொக்கிஷத்திற்கு வந்தபின் அது ஊர்ப்பணமே. பள்ளிக்கூடத்திற்கும் அதனைச் செலவிடலாம் அல்லவா? ஸான் டியாகோ மக்களோ 2016-இல் இத்தகைய வரியை வாக்கெடுப்பில் மறுத்தனர். அடுத்த ஆண்டே அவ்வூர்க் கோஷ்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. மறுத்தவர்கள் பணத்தைக் காத்தனர். ஐம்பதாண்டுகளுக்கு மேலாகப் பழகிய கோஷ்டியை இழந்தனர்.

அந்த இழப்பையும் நாம் அற்பமென்று தள்ளிவிடக் கூடாது. தந்தையும் மகனும் ஒருசேர ஆரவாரித்த நினைவுகளுக்கு ஐந்தொகையில் இடமில்லை. ஊர் ஒன்றாகக் கூடி மகிழ ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு விலை கொடுப்பதும் தவறன்று. ஆனால் கோயில் திருவிழாவுக்கு வரி போடும் கிராமத்தார், தேர் தங்களுடையது என்னும் உறுதியோடு பணம் தருகிறார்கள். மறுவருஷம் தேரை வேறு ஊருக்கு ஓட்டிச் செல்லும் உரிமை ஒருவரிடம் இருக்குமாயின், வடம் பிடிக்க எத்தனை பேர் வருவார்கள்?

தேர் ஊருடையதாகவே இருக்கும் இடமும் ஒன்று உண்டு. விஸ்கான்ஸின் மாநிலத்துக் கிரீன் பே என்னும் சிற்றூரின் ஜனத்தொகை லட்சத்தை ஒட்டியதே. அவ்வூர்ப் பாக்கர்ஸ் கோஷ்டி 1923 முதல் பங்குதாரர்களான பொதுமக்களின் உடைமை. பங்குக்கு லாபம் கிடையாது. விற்றுப் பணம் பண்ணவும் வழியில்லை. ஆயினும் பல லட்சம் பேர் பங்கு வாங்கியிருக்கிறார்கள். அங்கும் அரங்கத்தைப் புதுப்பிக்க 2000-ஆம் ஆண்டில் அரை சதவிகித விற்பனை வரியை மக்கள் வாக்களித்து ஏற்றனர். கடமை தீர்ந்ததும் 2015-இல் அவ்வரி நீக்கப்பட்டது. அவர்களும் செலவிட்டார்களே என்று கேட்கலாம். செலவிட்டார்கள், ஆனால் தங்கள் உடைமைக்காகச் செலவிட்டார்கள்.

இவையெல்லாம் கடல் கடந்த கதை என்று நாம் வாளாவிருக்க இயலாது. இந்தியன் சூப்பர் லீக் தோன்றி ஐந்தாண்டுகளே ஆன 2019-இல், டில்லி டைனமோஸ் கோஷ்டி டில்லியை விட்டு ஒடிஸா எஃப்.சி. என்னும் புதுப்பெயருடன் புவனேசுவரத்தில், ஒடிஸா சர்க்காருக்குரிய கலிங்கா ஸ்டேடியத்தில் குடிபுகுந்தது. அதே ஆண்டில் புனேயின் கோஷ்டியும் மறைந்து, அதன் இடத்தில் ஐதராபாத்தில் ஒரு கோஷ்டி எழுந்தது. இங்கே லாரிகளைத் துரத்திக்கொண்டு யாரும் ஓடவில்லை. வேர் அவ்வளவு ஆழமாகப் போகவில்லை. வேர் ஊன்றிய பின்னர் என்ன ஆகும் என்பதை அமெரிக்க ஊர்கள் நமக்கு முன்னரே கண்டுவிட்டன.

நாம் குடியேறியிருக்கும் நகரங்களில் வரி செலுத்துகிறோம், வாக்கும் அளிக்கிறோம். வந்தேறிகள்தானே என்று ஒதுங்கி நிற்பது நமக்கு அழகன்று. நம் நகரத்தில் பெரியதோர் ஆட்டரங்கத்திற்குத் திட்டம் வருமாயின், அதன் படத்தைப் பார்த்து மகிழ்வதோடு நிற்காமல், மூன்று வினாக்களை எழுப்புவோம்: கடனைச் செலுத்துபவர் யார்? வாடகையைப் பெறுபவர் யார்? ஆடுகிறவர்கள் போய்விட்டால் எஞ்சிய தவணை யாருடையது? இவற்றுக்கு விடை எழுத்தில் கிடைத்த பின்னர் நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் மனமாரக் கைதட்டுவோம்.